வாடகைக்கு விட வீடு வாங்கும்போது

உக்கடம் – ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்ததிலிருந்து, கரும்புக்கடை, குனியமுத்தூர் பக்கம் விலை ஏறும் என்ற பேச்சு நம் வீடுகளிலும் நடக்கிறது. வளைகுடாவில் பிள்ளை சேர்த்த பணத்தில் ஒரு வீடு வாங்கினால் வாடகை வருமே என்று கேட்கிறவர்களோடு முதலில் கணக்கைப் பார்ப்போம்.

60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். போட்ட பணத்தில் 3 சதவீதம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் 5,40,000 ரூபாய். மூன்று வருட வாடகை பத்திர ஆபீஸிலேயே போய்விடுகிறது! சொத்து வரி, பெயிண்ட், மோட்டார் ரிப்பேர், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் தனி.

சந்தை நிமிர்கிறதா என்பதைப் புரோக்கர் சொல்லும் விலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதே தெருவில் ‘வாடகைக்கு’ போர்டு எத்தனை நாள் தொங்குகிறது, போன வருடத்தைவிட வாடகை கூடியிருக்கிறதா என்று குடியிருப்பவர்களிடம் விசாரியுங்கள். வாடகை அசையாமல் விலை மட்டும் ஏறினால், அது ஆசையில் ஏறிய விலை. வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்க்க வேண்டும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நிய்யத்தையும் வாங்கும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு விட்ட வீட்டின் விலைக்கு ஜகாத் இல்லை. நிஸாப் அளவு சேர்ந்து ஓராண்டு கையில் நிற்கும் வாடகைப் பணத்துக்கு 2.5 சதவீதம். விலை ஏறியதும் விற்பதற்கென்றே வாங்கிப் போட்டால், ஆண்டுதோறும் அன்றைய சந்தை விலைக்கே ஜகாத் என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து.