மூச்சிலும் அளவு வேண்டும்

அறுபதைத் தாண்டிய வணிகர்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி இது. நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு சுமார் 21 சதவீதம். மருத்துவக் கண்காணிப்பில் அதைச் சில நிமிடங்கள் குறைத்தும், பிறகு சாதாரணக் காற்றைக் கொடுத்தும் மாறி மாறிச் செய்யும் பயிற்சி, முதுமையில் இதயத்துக்கும் மூளைக்கும் பலம் தருமா என ஆராய்ந்து வருகிறார்கள். பிராணவாயு குறைவதைச் செல்கள் உணர்ந்து, அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. இதைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நாட்டு மருந்துச் சரக்கை நிறுத்துக் கொடுப்பதுபோல இதிலும் அளவே முக்கியம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவருக்கு இரவெல்லாம் பிராணவாயு குறைகிறது. அது ரத்த அழுத்தத்தைக் கூட்டி இதயத்தைக் கெடுக்கும். எனவே நாமாக மூச்சை அடக்கிப் பழக வேண்டாம். பகலில் கல்லாவிலேயே கண் அயர்கிறதா? தூக்கத்தில் மூச்சு நிற்கிறதென்று வீட்டார் சொல்கிறார்களா? தள்ளிப் போடாமல் டாக்டரைப் பார்ப்போம்.