பொற்கொல்லன் நடத்தும் பாடம்

கேள்வி: கதைகளில் வரும் வில்லன்களிடமிருந்து நிர்வாகம் கற்றுக்கொள்ள முடியுமா? ஆட்களை வைத்து வேலை வாங்குபவன் நான்.
– வாசகர், கீழக்குயில்குடி

பதில்: தாராளமாக. உங்கள் மதுரையிலேயே ஒருவன் இருக்கிறான்: சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன்.

பாண்டிய அரசி கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடியவன் அவனே. பழியை, மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலன் மேல் போட அவன் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள். ஊடிச் சென்ற தேவியைச் சமாதானப்படுத்தப் பாண்டியன் விரைகிறான். வழியில் பொற்கொல்லன் அவன் காலில் விழுந்து சேதி சொல்கிறான். தலைவன் அவசரத்தில் இருக்கும்போதுதான் தவறான தகவல் எளிதாக உள்ளே நுழையும். 'சொல்பவனுக்கு இதில் என்ன லாபம்?' என்று அரசன் கேட்கவில்லை. கோவலனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

என்னை அதிகம் வருத்துவது அடுத்த காட்சி. கோவலனைப் பார்த்த காவலருக்கு, இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்ற சந்தேகம் வந்துவிட்டது. பொற்கொல்லனோ கள்வரின் மந்திரம், மருந்து, தந்திரம் என்று அடுக்கி அவர்கள் வாயை அடைக்கிறான். அந்தச் சந்தேகம் அரசன் காதுக்குப் போகவே இல்லை. கல்லாத காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். பிறகு, கோவலனிடம் இருந்த சிலம்பைக் கண்ணகி அரசன் முன் உடைக்க, மாணிக்கம் தெறிக்கிறது. தேவியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஆகவே, யாரையாவது வேலையை விட்டு நிறுத்தும் முன் ஒரு நாள் பொறுங்கள். அவரையே நேரில் கேளுங்கள். உடன் வேலை பார்ப்பவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் கேட்டறியுங்கள்.