ரிமோட்டுக்குத் தன் பெட்டி எதுவென்று தெரியாது

ஒரு ரிமோட் அதனோடு வந்த பெட்டிக்கு மட்டும்தான் உதவும், லினக்ஸ் கணினியை இயக்க அதற்கென்றே செய்த ரிமோட் வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. 2017-இல் அரசு கேபிள் டிவி டிஜிட்டலுக்கு மாறியபோது ஊர் ஊராக செட்டாப் பாக்ஸ்கள் வந்தன. பிறகு டிடிஎச்சுக்கு மாறியவர்கள் வீட்டிலும், பெட்டி பழுதானவர்கள் வீட்டிலும் ரிமோட் மட்டும் மிஞ்சும். மகாராஜபுரமோ ராஜபாளையமோ, அதைப் பழைய இரும்புக்குப் போடும் பொருளாகத்தான் பார்க்கிறோம். தேவையில்லாத தண்டம் அது. ஏனென்றால் எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்பதை முடிவு செய்வது ரிமோட் அல்ல, கேட்கும் பக்கம்தான். பரவலாக உள்ள என்இசி முறையையே பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் அகச்சிவப்பு விளக்கு நொடிக்கு 38,000 முறை துடிக்கும் ஒளியை அனுப்புகிறது. முதலில் 9 மில்லிநொடி நீண்ட ஒளி, 4.5 மில்லிநொடி இடைவெளி, அதன்பின் 32 பிட்கள். கருவியின் முகவரி எட்டு, அதன் தலைகீழ் எட்டு, பொத்தானின் எண் எட்டு, அதன் தலைகீழ் எட்டு. 'சத்தத்தைக் கூட்டு' என்ற செய்தி இதில் எங்குமே இல்லை, வெறும் எண்தான்.

அந்த எண்ணுக்கு லினக்ஸ் ஓர் அட்டவணையில் பொருள் தேடுகிறது. இடப்பக்கம் ரிமோட் அனுப்பும் எண், வலப்பக்கம் விசைப்பலகை விசையின் பெயர். ஐஆர்-கீடேபிள் என்ற கருவியைச் சோதனை நிலையில் ஓட்டிப் பொத்தானை அழுத்தினால் எண் திரையில் வரும். ஒன்றுமே வராவிட்டால் உடனே ரிமோட்டைக் குறை சொல்ல வேண்டாம். என்இசி, ஆர்சி-5 போன்ற முறைகளில் உரியது இயக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வந்த எண்களை விசைப் பெயர்களோடு ஓர் உரைக்கோப்பில் எழுதி ஏற்றினால் முடிந்தது. இதற்கு லிர்க் என்ற தனி மென்பொருள் கட்டாயம் என்பதும் பழைய கதை. 2010 வாக்கிலேயே லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இந்த வேலையைத் தானே செய்யத் தொடங்கிவிட்டது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் அகச்சிவப்பு ஏற்பியை இணைப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் 3.3 வோல்ட்டுக்கு டிஎஸ்ஓபி38238 பொருந்தும், பழைய 1738 ஐந்து வோல்ட் கேட்கும்.

"எல்லாம் செய்தேன், ஓகே பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை, ஆகவே ரிமோட் ஒத்துவராது" என்பார்கள். சோதனையில் அந்தப் பொத்தானின் எண் சரியாகவே வந்திருக்கும். சிக்கல் வலப்பக்கத்தில். லினக்ஸில் ஓகே விசையின் குறியெண் 352. எக்ஸ்11 திரைச்சூழலோ 255-க்கு மேற்பட்ட குறியெண்களைக் கையாளாது. அதனிடத்தில் என்டர் விசையை, அதாவது 28-ஐ, எழுதினால் பொத்தான் உயிர்பெறும். ரிமோட்டின் எண் பொத்தான்களுக்கென்று ஒதுக்கிய விசைகளும் 512-இல் தொடங்குவதால் அதே கதிதான். சாதாரண எண் விசைகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். ரிமோட்டில் எதையும் தொடவில்லை, அட்டவணையில் ஒரு சொல் மாறியது, அவ்வளவுதான்.

கணினியை அணைத்தால் அட்டவணை அழிந்துவிடும் என்ற குறை பாதி உண்மை. கையால் ஏற்றியது போய்விடும். கோப்பின் பெயரை ஆர்சி_மேப்ஸ் அமைப்புக்கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் தானே ஏறும். உண்மையான விலக்குகள் வேறு. ஏசி ரிமோட் பொதுவாக ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, விசிறி வேகம் என்று முழு நிலையையும் அனுப்பும். ஒரே பொத்தானுக்கு எண் மாறிக்கொண்டே இருப்பதால் அட்டவணைக்குள் அடங்காது. புளூடூத் ரிமோட்டின் பெரும்பாலான பொத்தான்களில் அகச்சிவப்பே கிடையாது.