யாழ் நரம்பும் எண்ணும்

யாழ் என்னும் கருவியாற் பெயர்பெற்றது நம் நாடு. கண்ணிழந்த பாணன் ஒருவன் யாழ் மீட்டி மணற்றிடலைப் பரிசிலாகப் பெற்றான் என்னும் கதையை இங்கே சிறுவரும் அறிவர். ஆயினும், அந்த யாழ் எவ்வடிவினது, அதில் எத்தனை நரம்புகள் இருந்தன, எந்நரம்பு எச்சுரத்தை ஒலித்தது என்று வினவினால், விடை கூறுவார் பல நூற்றாண்டாக இல்லாதிருந்தனர். கருவி வழக்கொழிந்தது, அதன் இலக்கணம் சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் தங்கிற்று. அவ்விலக்கணத்தை 1947ஆம் ஆண்டில் 'யாழ் நூல்' வாயிலாக விளக்கியவர் சுவாமி விபுலாநந்தர். அவர் கற்ற கணிதமும் பௌதிகமும் அப்பணிக்கு எவ்வாறு துணைநின்றன என்பதே ஈண்டுக் கூறப்புகுவது.

இதனை எழுதத் தூண்டியது என் அறியாமையே என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆசிரிய கலாசாலையில் அரங்கேற்று காதையைப் படித்த காலத்தில், உரையில் எண்கள் மலிந்த பகுதி வந்ததும், "இஃது இசைவாணர்க்குரியது" என்று ஏட்டைப் புரட்டிச் செல்வோம். பின்னர் வகுப்பிற் பாடஞ் சொன்னபோதும் யான் அவ்வாறே செய்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இந்த நான்கு, மூன்று, இரண்டு என்பதெல்லாம் என்ன கணக்கு?" என்று கேட்டான். விடை என்னிடம் இல்லை. மறுநாள் பௌதிக ஆசிரியரிடம் சென்றேன். அவர் ஆய்வுகூடத்து அலுமாரியிலிருந்து சுரமானியை இறக்கி வைத்தார். அன்று மாலை யான் கற்றதே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

கலைக்குக் கணிதம் வழிகாட்டிய வரலாறு மேனாட்டிலும் உண்டு. 15ஆம் நூற்றாண்டிலே புளோரன்சு நகரத்துக் கட்டடக் கலைஞர் புருனலெசுக்கி, விலகிச் செல்லும் இணைகோடுகள் கண்ணுக்கு ஒரு புள்ளியிற் கூடுவனபோலத் தோன்றும் உண்மையை ஓவியத்திற் செய்து காட்டினார். அல்பெர்ட்டி 1435இல் ஓவியம்பற்றி எழுதிய நூலில் அதனைக் கேத்திரகணித முறையாக வகுத்தார். யேர்மனிய ஓவியர் தூரர், அளவுகோலும் கவராயமும் கொண்டு அளக்கும் முறையை 1525இல் நூலாக்கினார். தட்டையான சுவரில் ஆழம் தோன்றச் செய்த அவ்வித்தை புதிய ஓவியத்தையே பிறப்பித்தது. அதே அல்பெர்ட்டி, கட்டடங்களின் நீள அகலங்களுக்கு இசையின் விகிதங்களைக் கொள்ளுமாறு கூறியமை நம் பொருளுக்கு மிக அணுக்கமானது. அங்கே கணிதம் புதிய கலையை ஆக்கிற்று. இங்கே இறந்துபட்ட கலையை மீட்டெடுக்க உதவிற்று.

விபுலாநந்தர் 1892இல் மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவிற் பிறந்தவர். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். கொழும்பிலே பயிற்றப்பட்ட ஆசிரியராகி, அங்குள்ள அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானங் கற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் சித்தியெய்தினார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் அவர் கற்பித்தது விஞ்ஞானம் என்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகின்றோம். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய அவர், பின்னர்த் துறவு பூண்டார்; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். சிலப்பதிகார உரையை ஒரு கையிலும் சுரமானியை மறு கையிலும் கொள்ளத்தக்கவர் அன்று அவரைப்போல் வேறொருவர் இருந்தாரோ என்பது ஐயமே.

இனிக் கணக்கினுட் புகுவோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என நரம்புகள் ஏழு. இவற்றிற்கு உரையாசிரியர் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 எனச் சுருதி அளவு கூறுவர். இவ்வளவை அலகு என்பது வழக்கு. கூட்டினால் 22. ஒரு குரலிலிருந்து அடுத்த வலிவுக் குரல்வரை உள்ள தூரம் இந்த 22 அலகே.

சுரமானியின் கம்பியை 90 சதமமீற்றர் நீளத்தில் நிறுத்தி மீட்டுக. அது குரல் ஆகட்டும். இழுவையை மாற்றாது நீளத்தைப் பாதியாக, 45 ஆக, குறைத்தால் மீடிறன் இருமடங்காகி வலிவுக் குரல் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக, 60 ஆக, நிறுத்தினால் ஒலிப்பது இளி. குரலுக்கும் இளிக்கும் உள்ள விகிதம் 3/2. இவ்விரண்டும் ஒருங்கே ஒலிக்கும்போது காது அடையும் நிறைவை எழுத்தாற் காட்ட இயலாது.

ஏழு நரம்பின் இடைவெளிகளுக்கும் பௌதிக நூலார் விகிதங் கூறுவர். 4 அலகுக்கு 9/8, 3 அலகுக்கு 10/9, 2 அலகுக்கு 16/15 எனக் கொள்க. நம் பட்டியலில் நான்கு என்பது மூன்று முறையும், மூன்றும் இரண்டும் இவ்விரு முறையும் வருகின்றன. 9/8ஐ மும்முறையும், 10/9ஐ இருமுறையும், 16/15ஐ இருமுறையும் பெருக்கிப் பார்க்குமாறு மாணவரை வேண்டுகின்றேன். எல்லாம் வெட்டுப்பட்டு, மீதமின்றி 2 என்னும் எண்ணே எஞ்சும். கரும்பலகையில் இவ்விடை விழுந்த அன்று யான் சிறிதுநேரம் பேசாது நின்றேன்.

அலகு முதலில் வரும் நரம்பைச் சார்ந்ததா, அதற்கு முந்திய இடைவெளியைக் குறிப்பதா என்பதில் அறிஞர் வேறுபடுவர்; அதனாற் பாலைகளுக்கு இன்றைய இராகங்களைப் பொருத்துவதிலும் வேறுபாடு உண்டு. எவ்வாறு கொண்டாலும் குரலிலிருந்து இளிவரை 13 அலகே வரும். 4, 4, 3, 2 எனக் கூட்டினும் 13. 4, 3, 2, 4 எனக் கூட்டினும் 13. இளியிலிருந்து மேற்குரல்வரை 9. வழக்கு எங்கே தொடங்குகிறது, எதிற் தொடங்கவில்லை என்பதைக் கணக்குத் தெளிவாக்கிவிடுகிறது.

இங்கே மற்றொன்றும் கருதத்தக்கது. அலகைக் கூட்டுகின்றோம், விகிதத்தைப் பெருக்குகின்றோம். கூட்டலைப் பெருக்கலோடு இணைக்கும் இம்முறையைத்தான் கணித ஆசிரியர் மடக்கை என்று கற்பிக்கின்றார். மடக்கை என்னும் பெயர் இன்றியே, காதின் துணைகொண்டு, நம் முன்னோர் அதனைக் கையாண்டிருக்கின்றனர்.

இளியிலிருந்து இளிக்கு ஏறிச்சென்றால் பன்னிரண்டாம் முறையில் மீண்டும் குரலை அடைதல் வேண்டும் என்று தோன்றும். உரையாசிரியர் நரம்புகளைப் பன்னிரண்டு இராசி வீடுகளில் நிறுத்துவதும் இதற்கிசைந்ததே. ஆயின் 3/2ஐப் 12 முறை பெருக்கினால் வருவது ஏறக்குறைய 129.75, 2ஐ 7 முறை பெருக்கினால் வருவது 128. வட்டம் சிறிதளவு மூடாது நிற்கிறது. கிரேக்கர் கண்டு கலங்கிய இச்சிறு மிச்சம் இசைநூலார் யாவரையும் அலைத்திருக்கிறது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில், 22 என்பது பொருந்தாது, வீடு பன்னிரண்டும் இரட்டித்த 24 சுருதியே சரி என்று அட்டவணை அட்டவணையாகக் கணக்கிட்டு வாதித்தார். தீர்ப்புக் கூற யான் வல்லேன் அல்லேன். ஆயினும் என் காது ஒரு சான்று பகர்கிறது. அரியாலையில் எங்கள் இளமைக்காலத்துத் திருவிழா நாடகங்களுக்கு ஆர்மோனியமே சுருதி. அதன் வீடுகள் பன்னிரண்டும் சமமாகப் பகுக்கப்பட்டவை. 90 சதமமீற்றர்க் கம்பியில் அதன் இளி, தூய இளியினின்று ஒரு மில்லிமீற்றரும் விலகாது; அதனைப் பொறுக்கலாம். 9/8உம் 10/9உம் சேர்ந்த 5/4 என்னும் சுரத்திலோ அது ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் விலகும். அதனைப் பொறாத காதுகள் உண்டு. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது; நம் நாடகக்காரர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

யாழின் வடிவத்துக்கு வருவோம். வீணையில் ஒரு நரம்பிலே பல சுரங்களை விரலால் அழுத்திப் பெறலாம். யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு. செங்கோட்டியாழுக்கு 7, சகோடயாழுக்கு 14, மகரயாழுக்கு 19, பேரியாழுக்கு 21 என்பர் உரையாசிரியர். மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தானத்துக்கும் ஏழேழாக 21 அமைகின்றது. நரம்புகள் யாவும் ஒரே பருமனும் ஒரே இழுவையும் உடையனவாயின், பேரியாழின் நெடிய நரம்பு குறிய நரம்பினும் ஏழு மடங்குக்கு மேல் நீளுதல் வேண்டும். குறியது ஒரு சாண் என்றால் நெடியது ஏழு சாணுக்கு மேல்! அதனை மடியில் வைத்து மீட்டுவது எங்ஙனம்? ஆகவே பருமனும் இழுவையும் உதவிக்கு வரவேண்டும். இழுவைக்கும் ஒரு விதி உண்டு. கலிலியோவின் தந்தையார் வின்சென்சோ, லூட் என்னும் நரம்புக் கருவி வாசிப்பவர். நரம்பிலே பாரங்களைத் தொங்கவிட்டுச் சோதித்து, மீடிறன் இருமடங்காக இழுவை நான்கு மடங்காதல் வேண்டும் எனக் கண்டவர் அவரே. பழைய யாழ்த்தச்சன் இவ்விதியை எழுதிவைக்கவில்லை; ஆயினும் கோடு வளைத்து நரம்பு பிணித்தபோது அதற்கமையவே செய்திருத்தல் வேண்டும். அலகுகள் கூட்டல் விருத்தியாக ஏற, நீளங்கள் பெருக்கல் விருத்தியாகக் குறையும். வில்லின் வளைவு அவ்வாறே கண்ணுக்குத் தோன்றும் கணக்காகின்றது.

பாலைத்திரிபைப்பற்றி விரிக்க இடமில்லை. ஏழு நரம்பையும் மாற்றாது, தொடங்கும் நரம்பை மட்டும் மாற்ற, வேறு வேறு பாலைகள் பிறக்கும் என்பதே அதன் சாரம். ஆய்ச்சியர் குரவையில் ஏழு மகளிர் ஏழு நரம்பின் பெயர்பூண்டு வட்டமாக நிற்பதை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

'யாழ் நூல்' 1947 யூன் மாதத்திற் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. சுவாமிகளின் ஆராய்ச்சிவழிச் செய்யப்பட்ட யாழ்க் கருவிகள் அங்கே இசைக்கப்பட்டன. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் மறைந்தார்.

யான் இரவல் வாங்கிப் படித்த நூல்நிலையப் படியிற் பாயிரவியல் முழுவதும் ஓரங்களிற் பென்சிற் குறிப்புக்கள் நெருங்கிக் கிடந்தன. இசைநரம்பியலில் எண்கள் தொடங்கிய பக்கத்துக்குப் பின்னே ஏடுகள் தூயனவாயிருந்தன.