மலைமலர்களை வரைந்த மகளிர்

நீலகிரித் தாவரங்களை ஆராய்வோர் பைசன் அவர்களை மறப்பதில்லை. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராகிய அவர், நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களைப் பற்றிய நூலை 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அதன் படங்களை வரைந்தோருள் அவர்தம் துணைவியார் டயானா ரூத் பைசனும் போர்ன் சீமாட்டியும் அடங்குவர். இப்பெயர்களை நம் மாணவியருள் எத்தனை பேர் அறிவர்?

உலர்த்திய மலரில் நிறம் மங்கும், வடிவு குலையும். ஆதலின் இதழின் மடிப்பையும் மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையையும் நுணுகி நோக்கி வரைந்த படமே செடியை இனங்காண உதவும். இதனை வெறுங் கைவேலையென ஒதுக்குவோர் உளர். நாம் ஆய்வென்றே கொள்கிறோம்.

உதகைத் தாவரவியல் பூங்காவிற்குச் சிறுமியரை அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்கள் இவ்விருவரைப் பற்றியும் கூறுவார்களாக. பின்னர் மலரொன்றைப் பிரித்துக் காட்டி, அவர்களையே வரையச் செய்யலாம்.