வர்ணம் அரைக்கும் கை

இராஜபாளையம்

சிரஞ்சீவி அண்ணன் மகனுக்குச் சித்தப்பாவின் ஆசீர்வாதம்.

கரவாஜியோவின் ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ என்ற சித்திரத்தைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, இருண்ட அறைக்குள் சாய்ந்து விழும் அந்த ஒளி எந்த வர்ணத்தால் உண்டாயிற்று என்று கேட்டிருந்தாய். விடை நீ இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ஆண்டாள் சன்னதியில் தீபம் உயரும்போது, சுற்றிலும் கருவறை இருள் அடர்ந்திருப்பதனாலன்றோ தாயாரின் திருமுகம் அப்படிச் சுடர்கிறது? 1600-ஐ ஒட்டி ரோமாபுரித் தேவாலயம் ஒன்றுக்காக அதை வரைந்த கரவாஜியோவும், துணியின்மேல் முதலில் கருமண்ணிறத்தைப் பூசி, நிழல் வேண்டிய இடங்களை அந்த இருளுக்கே விட்டுவிட்டு, முகமும் கையும் வரும் இடங்களில் ஈய வெள்ளையை ஏற்றினார்.

வர்ணத்தைக் குழைக்கும் எண்ணெயின் சுபாவத்தையும் நீ அறிய வேண்டும். தேங்காயெண்ணெய் எத்தனை நாளானாலும் இறுகாது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, கெட்டியான படலமாகிவிடுகிறது. உலர்ந்த வெளிர்பூச்சின்மேல் மெல்லிய செம்பூச்சை இட்டால், வெளிச்சம் அதனுள் புகுந்து அடியிலுள்ள வெண்மையில் பட்டுத் திரும்புவதனால், பட்டாடையின் சிவப்பு உள்ளிருந்தே ஒளிர்வதுபோல் தோன்றும்.

அக்காலத்தில் வர்ணம் குழாயில் அடைத்து வந்ததில்லை. சீடப்பிள்ளைகள் பொடியையும் எண்ணெயையும் கல்லில் இட்டு, நறநறவென்ற ஓசை அடங்கி வெண்ணெய்போல் வழுக்கும்வரை, கை கடுக்க அரைத்தார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்த 1623-இல் ஆன்ட்வெர்ப்பில் புகழோங்கியிருந்த ரூபன்ஸ், 1618-ஆம் ஆண்டுக் கடிதமொன்றில், இன்ன படம் முழுவதும் தம் கையால் ஆனது, இன்னது சீடர் தொடங்கித் தாம் திருத்தியது என்று ஒளிவின்றிப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அந்த நேர்மை என்னை வணங்க வைக்கிறது.

நம் பக்கத்திலும் அந்த மரபு உண்டு. நாடகத் திரைகள் எழுதிவந்து, பிறகு கோவில்பட்டியில் நிலைத்துவிட்ட கொண்டையராஜு, தம் சிஷ்யர் டி. எஸ். சுப்பையாவின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்தே தெய்வப் படங்களில் இட்டார். சிவகாசியில் அச்சேறிய அவருடைய படங்கள் எத்தனையோ வீட்டுப் பூஜையறைகளில் இன்றும் தொங்குகின்றன. குருவின் பெயரை மட்டும் நினைத்து, அரைத்த கைகளை மறக்கும் இரசனையை நான் குறைபட்டதென்றே கருதுகிறேன்.

ஆகையால் தம்பி, புது வர்ணக் குழாய்களைத் திறக்குமுன், ஒரு பிடி காவிமண்ணைத் துணியில் சலித்து, ஆளிவிதை எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் நீயே அரைத்துப் பார். அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுது.