நீர்க்கடுப்பு வேறு, நீரடைப்பு வேறு

தோட்டத்து முதியவர் ஒருவர் சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால், "உடம்பில் சூடு ஏறிவிட்டது" என்று பார்லி நீரும் இளநீரும் கொடுப்பது நம்மவர் வழக்கம். பால் மரக்காட்டிலும் செம்பனைக் காட்டிலும் தண்ணீர் குடிக்காமல் உழைப்போருக்கு வரும் எரிச்சலுக்கு இது பொருந்தலாம். ஐம்பதைத் தாண்டிய ஆண்களின் தொல்லையோ பெரும்பாலும் வேறு காரணத்தால் வருவது.

சிறுநீர்ப்பையின் வாயிலில், நீர் வரும் குழாயைச் சுற்றி ஆண்களுக்கு ஒரு சுரப்பி உண்டு. புரோஸ்டேட் என்பது அதன் பெயர். இளமையில் ஏறக்குறைய 20 கிராம் எடையுள்ள அது, வயது ஏற ஏறப் பருக்கிறது. அறுபதை எட்டிய ஆண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இவ்வளர்ச்சி காணப்படுகிறது. அனைவருக்கும் அது தொல்லை தருவதில்லை. சுரப்பி குழாயை நெருக்கினால், நீர் வரத் தாமதமாகும், தாரை மெலியும், கழித்த பின்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றும், இரவில் பலமுறை எழ நேரும். இவ்வளர்ச்சி புற்றுநோயன்று. எனினும் புற்றுநோயிலும் இதே தொல்லைகள் தோன்றக்கூடுமாதலால், சோதித்தே அறிய வேண்டும். மருத்துவர் கையுறை அணிந்து ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடமும் ஆகாத இச்சோதனைக்கு அஞ்சியே பலர் ஆண்டுக்கணக்கில் வாய் திறப்பதில்லை. தேங்கும் நீரோ சிறுநீரகத்தையே கெடுத்துவிடலாம்.

ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு உப்பி வலித்தால், அது நீரடைப்பு. அப்போது பார்லி நீர் கொடுப்பது நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றுவதாகும். இரவானாலும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே மெல்லிய குழாய் செலுத்தி நீரை வெளியேற்றுவர். கடையில் வாங்கும் சளி மாத்திரைகளுள் சில இவ்வடைப்பைத் தூண்டவல்லவை என்பதைப் பலர் அறியார்.

சிகிச்சைக்கு மாத்திரைகள் உள. தசையைத் தளர்த்தும் வகை சில நாள்களிலேயே பலன் தரும். அதை உண்போர் தலைசுற்றல் வராதிருக்கப் படுக்கையிலிருந்து மெல்ல எழ வேண்டும். சுரப்பியைச் சுருக்கும் வகைக்கு ஆறு மாதம் வரை பொறுத்திருக்க வேண்டும். அறுவை தேவைப்பட்டாலும், வயிற்றைக் கிழிக்காமல் நீர்த்துவாரத்தின் வழியாகவே பெரும்பாலும் செய்துவிடுகின்றனர்.

இரவில் எழுவதற்கு அஞ்சிப் பகலில் தண்ணீரைக் குறைத்தல் தவறு. மாலைக்குப்பின் தேநீர், காப்பியைக் குறைத்தால் போதும். சிறுநீரில் இரத்தம் கண்டால், வலி இல்லாவிடினும் தாமதிக்கலாகாது. மருத்துவரிடம் செல்வோர், வீட்டில் உண்ணும் எல்லா மாத்திரைகளையும், சளி மாத்திரை உட்பட, கையோடு எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.